கிரீடத்தின் மேல் ஒரு பச்சைத் திட்டு

டிசைன் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஹெட் ஆகி ரிட்டயர் ஆகியிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த அன்று ஜன்னலோரம் எந்த இடத்தில் உட்கார்ந்தேனோ, இருபத்தெட்டு வருடம் கழித்து அதே இடத்திலிருந்துதான் எழுந்து வந்தேன். அதில் உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று இன்னமும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அன்றைக்குச் செய்ததை நாளைக்குச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

என் பெயர் மரகதம். எங்கள் பனியன் கம்பெனிக்கு பிரிண்டிங் நல்லூரில், தையலும் பேக்கிங்கும் அருள்புரத்தில். இரண்டுக்கும் ஒரே முதலாளி. பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த ஃபிலிமை வைத்துத்தான் துணியில் மை இறக்கும் ஸ்கிரீன் செய்வார்கள். கையால் ஃபிலிம் வரைந்த காலத்தில் ஆரம்பித்து கம்ப்யூட்டரில் முடித்தேன். அந்தத் தொழில்நுட்பமெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு ஆர்டரைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர் அந்த ஆர்டரில்தான் வந்தார். அவர் செத்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் கடைக்கு டி-ஷர்ட். நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் புரட்சி நடந்த சமயத்தில், பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் தட்டுகளுக்குப் படம் வரைந்த ஒரு பெண்மணியின் ஆறு தட்டுகள். முன்பக்கம் நெஞ்சில் தட்டின் படம், பின்பக்கம் கழுத்துக்குக் கீழே தட்டின் அடிப்பக்கம். அவருடைய பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆர்டர் ஷீட்டில் இருந்ததை நான் ஒரு மாதிரி சொல்வேன், பிரிண்டர் ஒரு மாதிரி சொல்வார், முதலாளி இன்னொரு மாதிரி சொல்வார். கடைசியில் எல்லோரும் 'தட்டுக்காரம்மா' என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

அந்தம்மா வரைந்ததை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தட்டில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் நடந்து போகிறான். முகத்தில் பாதி மஞ்சள், பாதி ஊதா. பக்கத்தில் இருக்கும் பூ அவன் தலையைவிடப் பெரியது. கோடு ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து, ஒரு இடத்தில் காணாமலே போய்விடுகிறது. தட்டில் பாதியைத் தொடாமல் வெள்ளையாகவே விட்டிருந்தார். நமக்குச் சுத்தம்தானே எல்லாம். திறந்த கோட்டை மூடினேன், கோணிய கோட்டை நிமிர்த்தினேன், வெள்ளையில் இருந்த சின்னச் சின்ன நிறத் தெறிப்புகளைத் துடைத்தேன். சாம்பிள் பிரிண்டு போட்டுப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது டேபிள் பிரிண்டராக இருந்தவர் பிகாஷ். ஒடிசாக்காரர். வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. தமிழை நம் ஊரில்தான் கற்றுக்கொண்டார், அதனால் திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். என்னை மட்டும் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிடுவார். சாம்பிளைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த தட்டின் படத்தைப் பார்த்தார், கையைத் துடைத்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்தப் படத்துல ஆளு நடக்கிறானுங்க தீதி. நம்ம பனியன்ல நின்னுட்டானுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்குவீஜியில் மை இழுக்கிற வேலையைப் பார், என் வேலையில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். நின்றுதான் போயிருந்தான். திறந்து கிடந்த கோட்டின் வழியாகத்தான் அந்த ஆள் நடந்திருக்கிறான், நான் அதைத் தைத்து மூடியிருக்கிறேன். ஆறு படத்தையும் முதலிலிருந்து செய்தேன். அந்தம்மா எங்கே பிரஷை எடுத்தார், எங்கே மறுபடி வைத்தார், எங்கே கை களைத்தது என்று ஒவ்வொரு கோட்டிலும் தேடித் தேடிப் போனேன். மூன்று வாரம் ஒருவர் கையெழுத்திலேயே குடியிருந்தால் அவர் யாரென்று தெரியாமலே அவரைத் தெரிந்துவிடுகிறது. அந்தம்மாவுக்கு நேரம் குறைவு, பயம் அதைவிடக் குறைவு என்று அப்போதே பிகாஷிடம் சொன்னேன். புது சாம்பிளில் ஆள் நடந்தான்.

இவ்வளவு பாடம் படித்தவள்தான் பின்பக்கத்தில் போய் விழுந்தேன்.

தட்டின் அடிப்பக்கத்துப் போட்டோவில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஓரத்தில் அந்தம்மாவின் கையெழுத்து. நடுவில் நீல நிறத்தில் சுத்தியல், அரிவாள் முத்திரை. அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் திட்டுக்கு அடியில் மங்கலாக ஒரு கிரீடமும் எழுத்தும் தெரிந்தன. நம் தொழிலில் இருக்கிறவள் வேறென்ன நினைப்பாள்? அடியில் இருப்பது பிராண்டு லோகோ, மேலே பட்டிருப்பது கறை. லோகோவில் ஒரு புள்ளி குறைந்தால் லாட்டே ரிஜெக்ட் ஆகிற ஊர் இது. கறை என்றால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கி எறிகிற ஊர். ஆறு தட்டின் அடியிலும் அதே இடத்தில் ஏன் கறை படவேண்டும் என்று ஒரு நொடி நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இரண்டு நாள் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து பச்சையை முழுக்கத் துடைத்து, அடியில் இருந்த கிரீடத்தைக் கோடு கோடாக மீட்டெடுத்தேன். வெகு அழகாக வந்தது.

பையருக்காகத் தரம் பார்க்கிற க்யூசி அந்த சாம்பிளைப் பார்த்துவிட்டு, பேக் பிரிண்டு நல்ல நீட் என்று எழுதி அப்ரூவல் கொடுத்தார். மதுரைப் பக்கத்துப் பையன், நல்ல பையன், எங்களை மாதிரியே கறையைக் கண்டால் ஆகாதவர். பிரிண்டு முடிந்தது, தையலும் முடிந்தது. அந்த வாரத்தில்தான் முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து டிசைன் ஹெட் நீதான், பையர் மீட்டிங்கில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொன்னார். இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பின்னால் வந்து, என்னிடம் ஃபிலிம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, எனக்கு மேலே போன ஆண்கள் மூன்று பேர். வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என் நாத்தனார் பொங்கலூரிலிருந்து போன் பண்ணி வாழ்த்தினாள்.

இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு அளவைச் சரிபார்க்க அருள்புரம் பேக்கிங்குக்குப் போனேன். டி-ஷர்ட்டில் மாட்டும் அட்டை அன்றைக்குத்தான் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தது. மடித்த அட்டை, உள்ளே பொடி எழுத்தில் ஆங்கிலம். அட்டையை நம்மிடம் யாரும் காட்டுவதில்லை. படம் வேறு டிபார்ட்மெண்ட், அட்டை வேறு டிபார்ட்மெண்ட். தட்டுக்காரம்மாவைப் பற்றி ஏதோ போட்டிருக்கிறதே என்று ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன்.

வீட்டுப் பெண்கள் எல்லாம் எம்பிராய்டரி போடுகிற குடும்பத்தில் பிறந்தவராம். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய பூக்கள் எனக்குப் புரிந்தன. நாடகங்களுக்கு உடை வரைந்திருக்கிறார். புரட்சிக்குப் பிறகு பீங்கான் தொழிற்சாலைக்கு வந்தார். நெருப்புப் போட விறகு இல்லை, வயிற்றுக்கும் சரியாக இல்லை, குளிர்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். கணவர் செத்துப்போய், கையில் சின்ன வயது மகன் ஒருவன். புதிதாகத் தட்டுச் செய்ய வழியில்லை. பழைய சக்கரவர்த்தி ஜாருக்காகச் செய்து, படம் வரையாமல் கிடங்கில் கிடந்த வெள்ளைத் தட்டுகளை எடுத்துத்தான் வரைந்தார்கள். அந்தத் தட்டுகளின் அடியில் ஏற்கெனவே ஜாரின் முத்திரை இருந்தது. அந்த முத்திரையின் மேல் பிரஷால் ஒரு திட்டு வைத்து மூடிவிட்டு, பக்கத்தில் சுத்தியலும் அரிவாளும் போட்டு, தங்கள் பெயரையும் எழுதினார்கள்.

அட்டையை மடித்து வைத்தேன். பக்கத்து மேஜையில் டி-ஷர்ட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஜாரின் கிரீடம் பளிச்சென்று, புரட்சியின் முத்திரையோடு பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல உட்கார்ந்திருந்தது. பட்டினியோடு ஒரு பெண் மூடியதை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏசியில் உட்கார்ந்து நான் திறந்து வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடத்தில் எவ்வளவோ தப்பு செய்திருக்கிறேன். ஒரு தப்புக்காக வெட்கப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் நான் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. ஒரு முக்கால் மணி நேரம் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அப்ரூவல் இருக்கிறது. முதல் தேதி வர ஒன்பது நாள்தான் இருக்கிறது. நாத்தனாருக்குச் சொல்லிவிட்டேனே என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதாவிட்டால் நான் ஏதோ பெரிய தைரியசாலி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

பிறகு முதலாளியிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சத்தம் போடவில்லை, அவர் எப்போதுமே சத்தம் போடமாட்டார்.

"அம்மிணி, அவங்களே பாத்து அப்ரூவல் குடுத்துட்டாங்கல்ல. அப்பறம் என்னத்துக்கு நாமளா போயி வம்ப வெலைக்கு வாங்கோணும்? ஜார் செத்து நூறு வருசமாச்சு, அவரு வந்தா கேக்கப்போறாரு?"

"அவரு கேக்கமாட்டாருங்க. அது அந்தம்மா பேரு போட்ட தட்டுங்க."

இதைப் பற்றி இனி யாரிடமும் பேசவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு மதுரைக்காரர் வந்தார். முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே ஒரு டி-ஷர்ட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து, அட்டையையும் பக்கத்தில் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். க்யூசி அட்டையை இரண்டு தடவை படித்தார். அவருக்கு வேர்த்துவிட்டது. அப்ரூவலில் இருப்பது அவர் கையெழுத்து.

"இத ஏங்க்கா இப்ப கெளப்புறீங்க?" என்று மெல்லக் கேட்டார். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

இப்படி நேரில் சொல்லிவிட்ட பிறகு மூடி மறைக்க வழியில்லை, இரண்டு பேரும் கண்ணாடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது க்யூசி கையில் ஒரு படிவம் இருந்தது, நாங்கள் பாரம் என்போம். தப்பு நடந்தால் பையருக்கு நிரப்பி அனுப்புகிற பாரம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சீக்கிரம் தெரிந்துவிடும். அதில் இரண்டு கட்டம்தான் முக்கியம். தவறுக்குக் காரணம், எடுத்த நடவடிக்கை. முதல் கட்டத்தில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதுவோம். இரண்டாவது கட்டத்தில் ஆபரேட்டரை நீக்கிவிட்டோம் என்று எழுதுவோம். நான் இருந்த காலம் முழுக்க எங்கள் ஊரில் அந்தப் பாரத்தை வேறு மாதிரி நிரப்பி நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் எப்போதோ சொல்லாமல் ஊருக்குப் போன ஒருவன் பெயரைப் போடுவோம். அவனுக்கும் நஷ்டம் இல்லை, நமக்கும் நஷ்டம் இல்லை என்று சிரித்துக்கொள்வோம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை ஆர்டர் முழுக்கத் தப்பு, பையர் தரப்பில் ஆளைக் காட்டு என்றால் காட்டவேண்டும். அதனால் உயிரோடு ஒரு ஆள் தேவைப்பட்டது.

பிகாஷை நல்லூரிலிருந்து பைக்கில் வரவழைத்தார்கள். பழைய ஸ்கிரீனை நான்தான் தவறுதலாக மாற்றிப் போட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் ஊருக்குப் போய் வா, பிறகு பார்க்கலாம் என்று சொன்னார்கள். அப்படிப் போன யாரும் திரும்பி உள்ளே வந்ததில்லை என்பது கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பிகாஷின் பெண் நல்லூர் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு. ஒடியா எழுதத் தெரியாது, தமிழில்தான் எழுதுவாள். ஊருக்குப் போனால் அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? பிகாஷ் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஸ்கிரீன் நான் மாத்தலீங்க தீதி."

அவ்வளவுதான் சொன்னார். நின்றுபோன ஆளை நடக்கவைக்கச் சொன்னவர் இவர். இந்த ஆர்டரில் உருப்படியாக இருந்த பாதி இவரால் வந்தது. கெட்டுப்போன பாதி முழுக்க முழுக்க என்னுடையது. அதைத் தூக்கி இவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

பாரத்தை க்யூசி கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பிடுங்கினேன். காரணம் என்ற கட்டத்தில், டிசைன் ஆர்ட்டிஸ்ட் மரகதம் தட்டின் முத்திரை மேல் இருந்த திட்டைக் கறை என்று நினைத்து அழித்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆங்கிலத்தில் இலக்கணம் சரியாக இருந்திருக்காது. பெயர் சரியாக இருந்தது.

முதலாளி பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்.

"இந்தப் பாரத்துல பேரு வந்த ஆள, நான் எப்படி அம்மிணி ஹெட்டுன்னு பையர்கிட்ட காட்டறது?"

"காட்ட வேண்டாமுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிகாஷை அனுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தால், மீட்டிங்குக்கு மீட்டிங் அந்தக் கிரீடம்தான் என் கண்ணுக்கு முன்னால் வரும்.

நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது. யாரை நீக்கினோம் என்று எழுதவேண்டிய இடம். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் இருந்த அட்டையைப் பார்த்தேன், பதில் அதிலேயே இருந்தது. அந்தம்மா எப்படி மூடினாரோ அப்படியே ஒவ்வொரு பீஸிலும் பிரஷால் மூடித் தருகிறோம் என்று எழுதினேன். ஷிப்மெண்டுக்கு நாலு நாள் இருந்தது. முதலாளி பாரத்தை வாங்கிப் படித்தார். அத்தனை பீஸையும் அழித்துவிட்டு மறுபடி செய்ய நாலு நாள் போதாது என்பது அவருக்குத் தெரியும். செய்து தொலை என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டுப் போனார்.

செக்கிங் செக்‌ஷனில் பதினோரு பெண்களைக் கேட்டு வாங்கினேன். கறையைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவர்கள் வேலை. ஆளுக்கொரு பிரஷைக் கொடுத்து, இந்தக் கிரீடத்தின் மேல் ஒரு திட்டு வையுங்கள் என்றதும் யாரும் கையை நீட்டவில்லை. அவர்களில் மூத்தவள் சரசு கேட்டாள்.

"இத்தன வருசமாக் கறையத் தேடித் தேடி எடுத்தமுங்க்கா. இப்ப நாமளே வெக்கோணுமா?"

அட்டையில் இருந்ததை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். விறகில்லாத தொழிற்சாலை, கோட்டுப் போட்டுக்கொண்டே வரைந்தது, தனியாக மகனை வளர்த்தது எல்லாம். சரசுவும் தனியாக இரண்டு பெண்களை வளர்த்தவள். கேட்டுவிட்டுப் பிரஷைத் தோய்த்து, முதல் பீஸை இழுத்து, கிரீடத்தின் நட்டநடுவில் ஒன்று வைத்தாள். சாத்தினாள் என்றே சொல்லலாம்.

பச்சையைக் கலந்தவர் பிகாஷ். ஏழெட்டுத் தடவை கலந்து கொட்டினார். கெட்டியாகப் போட்டால் கிரீடம் அடியோடு மறைந்துவிடும், தண்ணீராகப் போட்டால் மூடவே மூடாது. பழைய தட்டில் உற்றுப் பார்த்தால் அடியில் இருந்தது தெரியும். யாரை மூடினோம் என்பதும் தெரியவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ, பெயிண்டு அவ்வளவுதான் இருந்ததோ, எனக்குத் தெரியாது. நமக்கும் அப்படியே வேண்டும் என்று பிகாஷ் பிடிவாதமாக நின்றார். நாலு நாளும் ஹீட்டர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் காயவைத்துக் கொடுத்தார். சரசுவின் திட்டு உருண்டையாக இருந்தது. இன்னொருத்தி வெற்றிலை மாதிரி வைத்தாள். ஒரு பெண் மட்டும் கிரீடத்தை மூடிய பிறகும் கோபம் தீராமல் இரண்டாவது தடவை இழுப்பாள், யார் மேல் கோபமென்று நாங்கள் கேட்கவில்லை. பதினோரு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்ததை அந்த ஹாலில் அந்த நாலு நாளில்தான் பார்த்தேன்.

க்யூசி மறுபடி வந்தார். நாலைந்து பீஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்று மாதிரி ஒன்று இல்லை, இது வேரியேஷன், ரிஜெக்ட் போடாமல் வேறு வழியில்லை என்றார். நான் இதற்குத் தயாராக இருந்தேன். பையர் அனுப்பிய ஆறு தட்டின் அடிப்பக்கத்துப் படங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"ஆறு திட்டும் ஒரே மாதிரி இருக்குதான்னு பாருங்க தம்பி. இருந்தா ரிஜெக்டுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அவர் குனிந்து பார்த்தார். பாவம், தங்கமான பையன், அப்போதுதான் அந்தப் படங்களை முதல் தடவையாகச் சரியாகப் பார்க்கிறார். அப்புறம் போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்து, நான் நிரப்பிய பாரத்தோடு மேலே அனுப்பினார். பூசி மெழுகாமல், 'அப்ரூவல் கொடுத்தது நான்தான்' என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். அதை அவர் செய்யவேண்டிய கட்டாயமே இல்லை. அன்று சாயங்காலம்வரை கண்டெய்னர் வாசலில் நின்றது, டிரைவர் மூன்று டீ குடித்தார். பதில் இரண்டு வரியில் வந்தது. விளக்கத்தைப் பார்த்தோம், இப்படியே அனுப்புங்கள்.

இதோடு முடித்தால் சுபம் போட்டுவிடலாம். நடந்தது அப்படியில்லை. முதல் தேதி ஹெட்டாக வந்தவர் கோயம்புத்தூரில் படித்த ஒரு பையன். எனக்கு வேலை போகவில்லை, நிறம் பிரிக்கிற செப்பரேஷனுக்கு வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம், பெருந்தன்மை இல்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆர்டர் மறுபடி வந்தது. இந்தத் தடவை சரசுவின் திட்டை ஸ்கேன் பண்ணி, எல்லாப் பீஸிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் பிரிண்டு போடச் சொன்னார்கள். அந்த ஃபிலிமை நான் எடுக்கமாட்டேன் என்றேன். வேறு ஆள் எடுத்தார். வருகிற பையர்களிடமெல்லாம் அந்தக் கைத்திட்டு நம்ம ஐடியா என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டாலும் நான் தலையாட்டவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். அந்தப் பாரத்தின் நகல் என் டிராயரில் இருந்தது. ஒரு நாள் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் நான் செய்த டிசைன் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் நெஞ்சில் ஏறிப் போயிருக்கிறது. அதில் எதனோடும் என் பெயர் போனதில்லை. தப்போடு மட்டும்தான் போயிருக்கிறது. அந்தம்மா விறகில்லாத இடத்தில் உட்கார்ந்து வரைந்தபோதும் ஒவ்வொரு தட்டின் அடியிலும் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் மரகதம் என்று தமிழில் எழுத ஆரம்பித்தேன். புது ஹெட் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னார். முதலாளி கூப்பிட்டு, இதென்ன புதுப் பழக்கம், அழி என்றார். தப்புக்கு என் பெயர் தேவைப்பட்டபோது எழுதினேனே, வேலைக்கும் என் பெயர்தான் என்றேன். ஸ்கிரீனில் அந்த இடம் டேப்புக்கு அடியில்தானே போகும், துணியில் விழாது என்று சமாதானம் ஆகிவிட்டார். நான் விலகிய நாள்வரை எழுதினேன். ஸ்கிரீன் போடும்போது பிகாஷ் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் டேப் ஒட்டுவார். அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். பெண் இப்போது எட்டாவது.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நீங்களும் தப்பு செய்வீர்கள். அன்றைக்கு உங்கள் மேஜையில் அந்தப் பாரத்தை வைப்பார்கள், பக்கத்தில் ஒரு பிகாஷையும் நிறுத்தியிருப்பார்கள். அதுவரைக்கும் எடுத்த ஃபிலிமிலெல்லாம் உங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள் என்றால், அன்றைக்கும் அதே பெயரை எழுதக் கை தயங்காது.